ஆறரை ஆம்பியர்

ஒரு மாதமாக அந்த அம்மாள் காலையில் கெட்டில் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடுகிறது. தனியாக இருக்கும் வீடு. எலக்ட்ரீஷியன் ஏழு மணிக்கே வந்துவிட்டார்.

"பெரிய பிரேக்கரா மாட்டிடுங்க தம்பி."

"மாட்டினா பிரேக்கர் விழாதும்மா, ஒயர் எரியும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். இது பத்து ஆம்பியர் லைன். கெட்டிலே ஒன்பது இழுக்கும். கூட என்ன ஓடுது?"

"எதுவும் ஓடலையே."

எலக்ட்ரீஷியன் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, அந்த லைன் ஒயரில் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினார். மீட்டர் ஆறரை காட்டியது.

"அயர்ன் பாக்ஸ் இந்த அளவுக்குத்தான் இழுக்கும்."

"அது வீட்டுக்காரரோடது. போன மாசம் அவர் தவறினதும் தங்கச்சிகிட்ட கொடுத்துட்டேன்."

வீட்டுக்காரர் அயர்ன் போட்டுவந்த உள்ளறை பிளக்கில் எதுவும் செருகியிருக்கவில்லை.

"அவர் இருந்தப்போ எப்படிச் சமாளிச்சீங்க?"

"நான் குரல் கொடுப்பேன், அவர் அயர்னை அணைச்சுடுவார். கல்யாணமானதுலேர்ந்து அப்படித்தான்."

அந்த அம்மாள் கெட்டிலில் தண்ணீர் பிடித்தார். உள்ளறைப் பக்கம் திரும்பி, "ஏங்க, கெட்டில் போடறேன்" என்றார்.

மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கியது.

கெட்டிலைப் போட்டதும் ஒன்பதுக்கு ஏறியது. பிரேக்கர் விழவில்லை. எலக்ட்ரீஷியன் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தண்ணீர் கொதித்ததும் அந்த அம்மாள் கெட்டிலை அணைத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஆச்சுங்க" என்றார்.

மீட்டர் ஆறரை காட்டியது.