துணி பிடித்த விரல்கள்

ஓய்வுபெற்ற தலைமை மேலாளர் பூவைப் படம் பிடிக்கிறார் என்றால் வீட்டில் ஈகூடப் பறக்கக் கூடாது. பூவுக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது மனைவியின் வேலை.

“கை கடுக்குதுங்க.”

“கலைன்னா சும்மாவா? ஆடாம நில்லு.”

அவள் இறந்து எட்டு மாதமாகிறது. இப்போது இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே துணியைக் கிளிப் போட்டு மாட்டிக்கொள்கிறார்.

போட்டி நடத்துகிறவர் போனில் கூப்பிட்டார். “சார், உங்க ரோஜாவுக்குத்தான் முதல் பரிசு. துணி ஓரத்துல யாரோ விரல் தெரியுது. அதை மட்டும் வெட்டிட்டு மத்தியானத்துக்குள்ள அனுப்பிடுங்க.”

பரிசு தனக்குத்தான் என்று அவர் தெரு முழுக்க ஏற்கனவே சொல்லியிருந்தார்.

அவள் இருந்தபோது எடுத்த அந்தப் படத்தைப் பெரிதாக்கினார். நான்கு விரல்கள். ஒன்றில் அவளுடைய பழைய தீக்காயத் தழும்பு. வெட்ட மனம் வராமல் புதிதாகப் பன்னிரண்டு படங்கள் எடுத்தார். பன்னிரண்டிலும் விரல்கள் இருந்தன. துணி துளியும் ஆடவில்லை.

மத்தியானம் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. கேமராவைக் கீழே வைத்துவிட்டு, முப்பது வருஷத்தில் முதல்முறையாகச் சொன்னார்:

“போதும்மா. கையை இறக்கு.”

துணி மெல்லத் தாழ்ந்து தரையில் படிந்தது. கிளிப்புகள் இரண்டும் நாற்காலிகளை இறுகக் கவ்வியபடியே இருந்தன.