உதடு படாத டம்ளர்

அந்த வீட்டில் எல்லோரும் அண்ணாந்துதான் தண்ணீர் குடிப்பார்கள். அடுப்படியில் இருந்த எவர்சில்வர் டம்ளருக்கு உதடு என்றால் என்னவென்றே தெரியாது.

பள்ளி மாணவர் பரிமாற்றத்தில் பின்லாந்திலிருந்து வந்த ஐனோ, வீட்டுப் பெண் எழிலியோடு தங்கினாள். முதல் நாளே டம்ளரை வாயில் வைத்துக் குடித்தாள்.

“எச்சில் பண்ணிட்டாளே!” என்று பக்கத்திலிருந்த தண்ணீர்க் குடம் பதறியது.

“வெதுவெதுன்னு இருந்துச்சு அக்கா” என்றது டம்ளர்.

எழிலி அண்ணாந்து குடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். ஐனோ சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊருக்குக் கிளம்பிய காலையில் ஐனோ ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் குடித்துக் காட்டினாள். வீடே கைதட்டியது.

“நம்ம வீட்டுப் பிள்ளையாவே ஆயிட்டா!” என்று குடம் பூரித்தது.

கார் கிளம்பிய சத்தம் கேட்டதும், “இனிமே எனக்கு யாரு அக்கா?” என்றது டம்ளர்.

“கழுவிக் கவுத்தாச்சு. மறந்துடு தம்பி.”

சாயங்காலம் எழிலி தனியாகப் பள்ளியிலிருந்து வந்தாள். குடத்தில் தண்ணீர் மொண்டாள். அம்மா வருகிறாளா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, ஐனோவைப் போலவே டம்ளரை உதட்டில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்லக் குடித்தாள்.

குடம் பார்த்துக்கொண்டே இருந்தது. எச்சில் என்று சொல்ல அதற்கு வாய் வரவில்லை.