யட்டவத்தையில் ஒரு சொற்பொழிவு

"நாளைக்கு யட்டவத்தைக்கு வந்து ஒருக்கா பேசணும் சேர். வாகனம் அனுப்புறேன்."

பக்கத்து வீட்டு மிளகு வியாபாரி புஹாரி இப்படிக் கேட்டதும் தர்மராஜாவுக்குக் கண் கலங்கியது. சட்டம், பண்டைய கிரேக்கச் சொற்பொழிவு, மீயொலிப் பொறியியல் என்று மூன்று துறைகளில் தடித்த ஆய்வு நூல்கள் எழுதியவர் அவர். வாங்க ஆளில்லாமல் மூன்றும் கட்டிலுக்கடியில் கிடந்தன. கிரேக்க நூலை மட்டும் தினமும் காலையில் முற்றத்தில் நின்று உரக்க வாசிப்பார். அப்போது மனைவிகூட அந்தப் பக்கம் வருவதில்லை.

"என்ர பேச்சை நீங்கள் கேட்டிருக்கிறீங்களோ?"

"தினம் கேக்குறோம் சேர். நீங்க தொடங்கின பிறகுதான் எங்க வீட்டுல நிம்மதின்னு என் பொண்டாட்டி மஸீனா சொல்றா."

"அங்க சனம் வருமோ?"

"கூட்டத்துக்குக் குறைவே இல்ல."

மறுநாள் தர்மராஜா கோட்டும் டையுமாகப் போய் இறங்கினார். அது புஹாரியின் ரம்புட்டான் தோட்டம். மரத்தடியில் ஒரேயொரு கதிரை போட்டிருந்தது.

"சனம் எங்க?"

"சனம் எதுக்கு சேர்? குரங்குத் தொல்லைதான். சுடலாம்னு துவக்கெடுத்தா சட்டம் பேசுறாங்க. காதுக்குக் கேக்காத சத்தம் போடுற மெசின் வாங்கினேன், அதுமேல உக்காந்தே பழம் தின்னுதுங்க. நம்ம வீட்டுப் பக்கம் வர்ற குரங்கெல்லாம் உங்க கிரேக்கத்துக்கு மட்டுந்தான் ஓடுதுங்க."

தர்மராஜா கிரேக்க நூலைத் திறந்தார். முதல் பக்கம் முடிவதற்குள் மரங்கள் காலியாகின. ஒரு கிழக்குரங்கு மட்டும் கன்னத்தில் கைவைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நெகிழ்ந்துபோய், அதற்காகவே இரண்டாம் பக்கத்தையும் வாசித்தார்.

புஹாரி சங்கடத்தோடு நெருங்கினார்.

"குறை நினைக்காதீங்க சேர். அதுக்குக் காது கேக்காது."