முப்பது குதிகால்

அந்தமானில் பேய் கிடையாது. கல்லூரி ஆண்டு மலரில் இதை ஏழு காரணங்களோடு நிரூபித்திருக்கிறேன். இன்றுவரை ஒரு மறுப்புக் கடிதம்கூட வரவில்லை.

முதல் காரணம், கப்பல் டிக்கெட். மெயின்லேண்டிலிருந்து வர உயிரோடு இருப்பவர்களுக்கே மலிவான பங்க் கிளாஸ் படுக்கை கிடைப்பதில்லை.

ஏழாவது காரணம் சுத்த அறிவியல். பேய்க்கு எடை இல்லை. எடை இல்லாதது எதையும் மிதிக்க முடியாது. மிதிக்காமல் சத்தம் வராது.

ஆகவே, கீழ்வீட்டு மண்டல் ஆண்ட்டி மூச்சிரைக்கப் படியேறி வந்து, "பேட்டா, நேத்து உங்க பாபா வரலையே?" என்று கேட்டபோது நான் பதறவில்லை.

அப்பா இறந்து நாற்பத்தாறு நாள் ஆகியிருந்தது.

"எங்க வரலை, ஆண்ட்டி?"

அவர் எங்கள் தரையைக் காட்டினார். அவருக்கு அது கூரை.

டாலிகஞ்சில் எங்களுடையது பழைய மரவீடு. மாடியில் நாங்கள், கீழே அவர் தனியாக. இங்கே ஸ்பூன் விழுந்தால் அங்கே திரும்பிப் பார்ப்பார்.

அப்பா முருகானந்தம், தீவுக்குத் தீவு ஓடும் கப்பலில் சுக்கானியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்துமாவுக்கு வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டார். அது மூச்சைக் காப்பாற்றிவிட்டு எலும்பைத் தின்றிருந்தது. எலும்பு தேய்வதெல்லாம் பெண்களுக்கு வருவது என்று நம்பிக்கொண்டிருந்த மனிதர், மெயின்லேண்டில் எடுத்த ஸ்கேனை மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கால்சியம். வாரத்துக்கு ஒரு மாத்திரை. தினமும் முப்பது குதிகால்.

அதாவது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்பி, குதிகாலை அப்படியே தரையில் போட வேண்டும். தொம். முப்பது முறை. சாயங்காலம் ஐந்தரைக்கு, எங்கள் ஊரில் இருட்டு இறங்கும் நேரத்தில்.

"எலும்பு சோம்பேறிடா. அதிர வெச்சாத்தான் வேலை பாக்கும்" என்பார்.

முதல் நாளே மண்டல் ஆண்ட்டி துடைப்பக்கட்டையோடு சண்டைக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டதும், போன வருடம் முறிந்த தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இறங்கிப் போனார். மறுநாளிலிருந்து மேலே தொம் என்றால் கீழே அவரும் போட்டார். தனியாகச் செய்ய அவருக்கு ஞாபகமும் வராது, மனசும் வராது.

நான் அதை வீடியோ எடுத்தேன். அப்பாவின் கால்கள் மட்டும். 'டாலிகஞ்சில் நிலநடுக்கம். ரிக்டர் அளவு 0.2. சுனாமி எச்சரிக்கை இல்லை' என்று எழுதி கல்லூரி குரூப்பில் போட்டேன். அமோக வரவேற்பு. யாரோ ஒரு நல்லவர் அதை அப்பாவின் கப்பல்காரர்கள் குரூப்புக்கும் தள்ளிவிட்டார்.

மறுநாள் அப்பா கம்பளியை நாலாக மடித்துக் காலடியில் போட்டுக்கொண்டார்.

சத்தம் நின்றது. உதடு மட்டும் முப்பது வரை எண்ணியது. மேலே சத்தம் நின்றதும் கீழே ஆண்ட்டியும் விட்டுவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஜூலை மழையில் படகுத்துறைப் படியில் வழுக்கினார். இடுப்பெலும்பு. ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டி, பதினோராம் நாள் போய்விட்டார்.

பதினாறு முடிந்து, டீச்சரான அம்மா திக்லிபூரில் உள்ள தன் பள்ளிக்குப் பஸ் ஏறினார். வீட்டில் நான் மட்டும். ஜன்னலடியில் கம்பளி, மடித்தது மடித்தபடி.

"பதினேழாம் நாள்லேர்ந்து வர்றார்," என்றார் ஆண்ட்டி. குரலில் பயம் இல்லை. பால்காரர் வருவதைச் சொல்வது போலத்தான் சொன்னார். "அஞ்சரைக்கு. முப்பது. நானும் கூடவே போடுறேன். நேத்து வரலை, நானும் போடலை. ராத்திரி பூரா இடுப்பு ஞாபகமாவே இருந்துச்சு."

அறிவியல் தன் கடமையைச் செய்ய வேண்டிய நேரம்.

"மரம், ஆண்ட்டி. பகல் வெயில்ல விரியும், சாயங்காலம் சுருங்கும். அந்தச் சத்தம்."

"முப்பது வரைக்கும் எண்ணிச் சுருங்குமா?"

ஏழு காரணங்களில் இதற்கு இடமில்லை.

அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கினார். பாதியில் நின்றார். திரும்பவில்லை.

"ஒரு விஷயம், பேட்டா. சத்தம் முன்ன மாதிரி இல்ல. ஹல்கா ஆயிடுச்சு, லேசா இருக்கு. பாபா அங்க சரியா சாப்பிடறதில்ல போல."

கதவைச் சாத்தினேன்.

நேற்று கல்லூரியில் விழா. நான் வீடு திரும்பும்போது மணி ஏழு.

இப்போது ஐந்து இருபத்தைந்து. விளக்கைப் போடவில்லை. வழக்கம்போல் கம்பளியைக் காலால் ஓரம் தள்ளினேன். செருப்பைக் கழற்றினேன். ஜன்னல் கம்பியில் ஓரிடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து இரும்பு தெரிகிறது. கை தானாக அங்கேதான் போகிறது.

அப்பா அறுபத்தெட்டு கிலோ. நான் ஐம்பத்தெட்டு.

சமையலறையில் பத்து கிலோ அரிசி மூட்டை பிரிக்காமல் இருந்தது. அதைக் கல்லூரிப் பையில் திணித்து முதுகில் மாட்டிக்கொண்டு, குதிகாலை உயர்த்தினேன்.