கணவாய்க்கு வந்த பெருமை

கணவாய் மீனுக்கு ஒரே ஒரு வெட்கம். பெரிய மீனைக் கண்டால் மையைப் பீய்ச்சிவிட்டு ஓடத்தான் அதற்குத் தெரியும். "மைப்புட்டி வந்துட்டான்டா!" என்று நண்டு தினமும் கேலி பேசும்.

ஒருநாள் படகிலிருந்து பழைய கல்யாணப் போட்டோ ஒன்று தவறி விழுந்து, அசைந்து அசைந்து அடியில் வந்து சேர்ந்தது.

"அடடா, என்ன அருமையான பழுப்பு!" என்றது கணவாய்.

"இந்த நிறத்துக்கு செபியான்னு பேருங்க. கிரேக்க மொழியில அது உங்க பேருதான். அந்தக் காலத்துல உங்க மையில படம் வரைஞ்சாங்க. அதே நிறம் போட்டோவுல வந்ததும் அந்தப் பேரையே வெச்சுட்டாங்க" என்றது போட்டோ.

கணவாய்க்குத் தலைகால் புரியவில்லை.

"அப்போ உன் மேல இருக்கிறது இவன் மையா?" என்று நண்டு கேட்டது.

"ஒரு சொட்டுகூட இல்லை. எல்லாம் ஸ்டூடியோ மருந்து. பேரு மட்டும்தான் இவரோடது."

நண்டு விழுந்து விழுந்து சிரித்தது. கணவாய் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு சுறா வாயைப் பிளந்துகொண்டு வந்தது. கணவாய் மையைப் பீய்ச்சிவிட்டு எடுத்தது ஓட்டம்.

"மறுபடியும் ஓடுறியாடா?" என்று வளைக்குள்ளிருந்து நண்டு கத்தியது.

"யாருடா ஓடுறது? போட்டோ எடுக்கிறேன்!" என்று மைக்குள்ளிருந்து குரல் வந்தது. "சுறா அண்ணே, கொஞ்சம் சிரிங்க... அப்படியே அசையாம நில்லுங்க!"