பக்கம் புரட்டுபவர்

விடிந்தால் குளிர்கால விடுமுறை இசை நிகழ்ச்சி. குடியிருப்பின் பொதுக்கூடத்தில் கடைசி ஒத்திகை தொடங்கவிருந்தபோது, தபால்காரருக்கு நாக்கு வறண்டுபோயிற்று. பியானோ வாசிக்கும் பல் டாக்டரம்மாவின் அருகில் நின்று, அவர் தலையசைக்கும்போதெல்லாம் இசைப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவது ஒன்றே தபால்காரரின் வேலை. அதில் பிசகினால் பாடுகிறவர்கள் அத்தனை பேரும் திண்டாடிப் போவார்கள்.

"என்ன அண்ணா, பல்லு பிடுங்க வந்த அன்னிக்கு நடுங்கினதைவிட அதிகமா நடுங்குறீங்க?"

"உங்களுக்குச் சிரிப்பு வருது டாக்டரம்மா. மானம் போறது எனக்குத்தானே!"

பாட்டு தொடங்கிற்று. டாக்டரம்மா தலையசைத்தார். தபால்காரரின் வியர்த்த விரலில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டன. அவற்றைப் பிரிக்க முயன்றபோது புத்தகமே சரிந்து தரையில் விழுந்தது. அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

ஆனால் இசை நிற்கவில்லை. ஒரு சுரமும் பிசகாமல் இறுதிவரை ஒலித்து முடிந்தது.

"புத்தகம் இல்லாம எப்படிம்மா வாசிச்சீங்க?"

"முழுக்க மனப்பாடம் அண்ணா."

"அப்போ நான் எதுக்கு?"

டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "போன வருஷம் வயித்துவலின்னு மேடையை விட்டு ஓடினேனே, அது வலியில்லை, பயம். என்னைவிட அதிகமாப் பயப்படற ஒருத்தர் பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியம் வரும். பல்லு பிடுங்க வந்தப்போ நீங்க வாயைத் திறக்கவே அரைமணி நேரம் ஆச்சு பாருங்க, அன்னிக்கே உங்களைத்தான்னு முடிவு பண்ணிட்டேன்."

தபால்காரர் வாய்விட்டுச் சிரித்தார். கை நடுக்கம் அடியோடு நின்றுவிட்டது.

அதைக் கண்ட டாக்டரம்மாவின் முகம் வெளிறிற்று.

"ஐயோ அண்ணா, நாளைக்கு இப்படி வந்து நின்னுடாதீங்க!"