அவன் மாதிரி

தையற்கடையில் மதிய வெயில் துணிக்குவியல் மேல் சாய்ந்து கிடக்கிறது. தன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் சட்டையைக் கழற்றாமலே நிற்க, தையல்காரி அவன் மார்போடு ஒட்டி நின்று, நேற்றைய அடிதடியில் தெறித்த பொத்தானைத் தைக்கிறாள். அவள் தங்கையை வண்டியேற்றிக் கொன்றுவிட்டு ஓடியவன் முகம் அவள் கண்ணைவிட்டுப் போனதே இல்லை. நேற்றுக் கடைத்தெருவில் ஒருவனைக் காட்டி, "அவன் மாதிரி இருக்குங்க" என்று வாயை விட்டாள். அந்த 'மாதிரி' இவன் காதில் ஏறவே இல்லை. இவனிடம் அடிவாங்கியவன் விடிவதற்குள் செத்துப்போனான். நிஜமாக வண்டியோட்டியவன் வேறு ஊரில் பிடிபட்டதைப் பக்கத்துக் கடை ரேடியோ இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறது. "எங்கயாவது போயிடலாங்க" என்கிறாள். "செத்தவனுக்கும் ஒரு தங்கச்சி இருக்காம். ஸ்டேஷனுக்குப் போறேன், சீக்கிரம் முடி." நாலு தையல் போதும் என்பது அவளுக்குத் தெரியும், கைதான் கேட்கமாட்டேன் என்கிறது. குத்தி இழுத்து, குத்தி இழுத்து, பொத்தானின் துளைகளே நூலால் அடைபட்டுப் போகின்றன. "பொத்தானைத் தைக்கிறியா, என்னையும் சேத்துத் தைக்கிறியா?" என்று சிரிக்கப் பார்க்கிறான், சிரிப்பு வரவில்லை. இனி நூலைக் கடித்து அறுக்க வேண்டியதுதான். குனிகிறாள். உதட்டருகே அவன் நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொள்கிறது. நூல் பல்லுக்கிடையில் இருக்கிறது. அவள் கடிக்கவில்லை.